குறைந்த காசில் மாடல் ரயில் இன்ஜின் வாங்குவது எப்படி? உப்புக்காற்று ஊர்க்காரர்களுக்கான முழுமையான வழிகாட்டி

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்துப் பையன்கள் மாடல் ரயில் ஆசையோடு வந்தால் முதலில் கேட்பது, "அண்ணே, எந்த இன்ஜின் வாங்கலாம்?" என்பதுதான். அதற்கான பதில் இங்கே ஐந்தாவது படியில்தான் வருகிறது, வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறேன். இன்ஜினை முதலில் வாங்கிவிட்டு அப்புறம் இடம், தண்டவாளம், கரன்ட் என்று ஒவ்வொன்றாகத் தேடிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். வளைவில் திரும்பாத இன்ஜின், அடாப்டர் கருகிப்போன இன்ஜின், கப்ளிங் (பெட்டியை மாட்டுகிற கொக்கி) பொருந்தாத இன்ஜின் என்று எல்லாம் அட்டைப்பெட்டிக்குள் கிடக்கின்றன.

தொடங்குமுன் நான்கு பொருள்கள் கையில் இருக்கட்டும்: அளவு டேப், சாதாரண மல்டிமீட்டர், ஒரு 9 வோல்ட் பேட்டரி, கணக்கெழுத ஒரு நோட்டு.

1. முதலில் இடத்தை அளந்துவிடுங்கள்

உங்கள் இடம்தான் வளைவின் அளவைத் தீர்மானிக்கும், எந்த இன்ஜின் ஓடும் என்பதை அந்த வளைவு தீர்மானிக்கும். அதனால்தான் டேப் முதலில்.

ஹெச்ஓ (HO) என்கிற அளவுத் தண்டவாளத்தில் மிகச் சிறிய வளைவு பெரும்பாலும் 360 மி.மீ. ஆரத்தில் வரும். அதில் ஒரு முழு வட்டம் போட்டால் குறுக்கே 72 செ.மீ., ஓரத்துக்கு இடம் விட்டால் 85 செ.மீ. பலகை வேண்டும். பிரிட்டிஷ் கம்பெனியான ஹார்ன்பியின் இரண்டாம் அளவு வளைவு 438 மி.மீ.; அதற்கு ஒரு மீட்டர் அகலம் வைத்துக்கொள்ளுங்கள். 8க்கு 4 அடி பிளைவுட் ஷீட்டில் நாலடி என்பது 122 செ.மீ., ஆக இரண்டும் தாராளமாக அடங்கும். படகு வேலைக்கு மரைன் பிளை விற்கிற கடை பக்கத்தில் இருந்தால் அதிலேயே ஒரு வெட்டுத்துண்டு கேட்டுப் பாருங்கள். சாதாரணப் பலகை மழைக்காலத்தில் உப்பிக்கொண்டால் மேலே போட்ட தண்டவாளமும் கோணிவிடும்.

தரையில் போட்டு ஓட்டலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். வேண்டாம். ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது ஜன்னலைச் சாத்தியிருந்தாலும் வீட்டுக்குள் மணல் வந்துவிடுவது நமக்குத் தெரிந்ததுதான். சின்ன வயதில் மணலுக்குள் காந்தத்தை விட்டு கறுப்புத் துகள்களை இழுத்து விளையாடியிருப்பீர்களே, அதே வேலையை இன்ஜின் மோட்டாருக்குள் இருக்கும் காந்தமும் செய்யும். அதோடு தலைமுடியும் பாய் நாரும் அச்சில் சுற்றிக்கொண்டால் பற்சக்கரம் தேய்ந்துபோகும்.

2. ஸ்கேலை முடிவு செய்யுங்கள்

ஸ்கேல் என்பது நிஜ ரயிலை எத்தனை மடங்கு சுருக்கியிருக்கிறது என்ற அளவு. நம் பட்ஜெட்டில் மூன்றுதான் பேச்சு. ஹெச்ஓ என்பது 1:87, பிரிட்டிஷ் ஓஓ (OO) என்பது 1:76.2, 'என்' (N) ஸ்கேல் பெரும்பாலும் 1:160. முதல் இரண்டும் ஒரே 16.5 மி.மீ. தண்டவாளத்தில் ஓடும், என் ஸ்கேலுக்கு 9 மி.மீ.

வீடு சின்னது, அதனால் என் ஸ்கேல்தான் சரி என்று நினைப்பது இயல்பு. கேட்டோ போன்ற ஜப்பான் கம்பெனிகளின் என் ஸ்கேல் இன்ஜின்கள் மிக நன்றாக ஓடவும் செய்யும். ஆனால் எடை குறைந்த சின்னச் சக்கரம் தண்டவாளத்தை அழுத்திப் பிடிக்காது, லேசாக அழுக்குப் படிந்தாலே கரன்ட் விட்டுப்போகும். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற வீட்டில் அந்த அழுக்கு ஒரு வாரத்தில் சேர்ந்துவிடும். ஒரு மீட்டர் அகலம் கிடைக்கும் என்றால் ஹெச்ஓ அல்லது ஓஓ எடுங்கள், பழைய சரக்கும் உதிரிப் பாகமும் தேடக் கிடைக்கும். 60 செ.மீ. மேசைதான் உண்டு என்றால் மட்டும் என் ஸ்கேல்.

3. காசைப் பிரித்து எழுதுங்கள்

மொத்தத் தொகையை நோட்டில் எழுதி அதில் பாதிக்கு மேல் இன்ஜினுக்குப் போடாதீர்கள். மீதிப் பாதியில் தண்டவாளம், கன்ட்ரோலர், இரண்டு பெட்டி, துடைக்கிற சாமான் எல்லாம் வரவேண்டும். கடைசியில் கொஞ்சம் கையிருப்பும் இருக்கட்டும், உதிரிச் செலவு கண்டிப்பாக வரும்.

முதல் தடவை வாங்குகிறவருக்கு முழு செட்டாக வாங்குவது பல நேரம் லாபம். இன்ஜின், பெட்டி, வட்டத் தண்டவாளம், கன்ட்ரோலர் எல்லாம் ஒரே பெட்டியில் வரும், பொருந்துமா என்ற கவலை இல்லை. ஆனால் இரண்டு விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். தண்டவாளம் உலோகம்தானா? பொம்மைக் கடையில் கிடைக்கிற பேட்டரி ரயில்களில் அது பிளாஸ்டிக். கரன்ட் தண்டவாளம் வழியாக வராது, பின்னால் நல்ல இன்ஜின் வாங்கினாலும் அதில் ஓடாது. அடுத்து, உலோகம் என்றால் எந்த உலோகம்? பாக்மன் கம்பெனியின் ஈசி டிராக் தண்டவாளத்தில் கறுப்பு அடித்தளம் என்றால் இரும்பு, சாம்பல் நிறம் என்றால் நிக்கல் சில்வர். இரும்பு நம்ம ஊரில் சீக்கிரமே செம்பழுப்பாகிவிடும். பழைய பித்தளைத் தண்டவாளம் மலிவாகக் கிடைக்கும், அதுவோ களிம்பு பிடித்து கரன்டைத் தடுக்கும். இங்கே நிக்கல் சில்வருக்குக் கொடுக்கிற அதிகக் காசு வீண்போகாது.

4. கரன்ட் விஷயத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

இன்ஜின் வாங்குமுன் எந்தக் கரன்டில் ஓட்டப்போகிறோம் என்று முடிவாகிவிட வேண்டும், காரணம் தப்பான கரன்ட் போனால் அந்த இடத்திலேயே மோட்டாரோ சர்க்யூட்டோ காலி. பட்ஜெட் ஆட்களுக்கு 12 வோல்ட் டிசி போதும். டிசிசி என்கிற டிஜிட்டல் முறையில் ஒரே தண்டவாளத்தில் பல இன்ஜின்களைத் தனித்தனியாக ஓட்டலாம், ஆனால் ஒரே ஒரு இன்ஜின் வைத்திருப்பவருக்கு அந்தச் செலவு இப்போது தேவையில்லை.

இங்கே அடிக்கடி நடக்கிற தவறுகள் இவை.

ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், அமெரிக்காவில் 120, நமக்கு 230. அங்கிருந்து வந்த அடாப்டரை நம்ம பிளக்கில் சொருகினால் புகைதான். என் நண்பர் ஒருவருக்கு உறவினர் அனுப்பிய கன்ட்ரோலர் பெட்டியைத் திறந்து ஐந்து நிமிடத்தில் போய்விட்டது, அதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அடாப்டரின் அடியில் 100–240 என்று அச்சிட்டிருந்தால் மட்டும் சொருகுங்கள். சிங்கப்பூர், பிரிட்டன் பொருள்களுக்கு 230 வோல்ட்தான், பிளக் மட்டும் மாற்றினால் போதும்.

அடுத்தது படகு பேட்டரி. அதுவும் 12 வோல்ட்தானே என்று நேரடியாகத் தண்டவாளத்தில் இணைத்தவர்கள் உண்டு. இன்ஜின் தடம் புரண்டு இரண்டு கம்பியும் ஒட்டினால் அந்த பேட்டரி கொடுக்கிற கரன்டில் வயர் பழுத்துத் தீப்பிடிக்கும். செய்யவே செய்யாதீர்கள்.

கன்ட்ரோலருக்குக் காசில்லை என்றால் 12 வோல்ட் 2 ஆம்பியர் எல்இடி அடாப்டர், டிசி மோட்டாருக்கான ஸ்பீடு கன்ட்ரோல் போர்டு, முன்னும் பின்னும் ஓட்ட ஒரு டிபிடிடி ஸ்விட்ச், 1 ஆம்பியர் ஃபியூஸ், இவ்வளவு போதும். சென்னை ரிச்சி தெருவில் எல்லாம் கிடைக்கும். ஃபியூஸை விட்டுவிடாதீர்கள், அது இல்லாவிட்டால் தடம் புரளும்போது போர்டோ அடாப்டரோ போகும்.

மூன்றாவது, மார்க்லின் என்கிற ஜெர்மன் கம்பெனியின் ஹெச்ஓ. அது நடுவில் மூன்றாவது மின் தொடர்பு வைத்து ஏசியில் ஓடுகிற தனி முறை. சக்கரங்கள் இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று மின்தொடர்பில் இருப்பதால் நம்ம இரண்டு கம்பித் தண்டவாளத்தில் வைத்தவுடன் ஷார்ட் ஆகும். மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள்.

5. இப்போது இன்ஜின்

நாலு அச்சு டீசல் இன்ஜின், எல்லாச் சக்கரமும் கரன்ட் எடுக்க வேண்டும், எல்லா அச்சும் அல்லது குறைந்தது ஒரு போகி (அடியில் தனியாகத் திரும்புகிற சக்கரச் சட்டம்) முழுவதும் இழுக்க வேண்டும். இதுதான் என் பதில். ஏன் என்று சொல்கிறேன்.

நாலு அச்சு என்றால் போகிக்கு இரண்டு அச்சு, 360 மி.மீ. வளைவிலும் சிரமமில்லாமல் திரும்பும். ஆறு அச்சு இன்ஜின் பார்க்கக் கம்பீரமாக இருக்கும், ஆனால் பலவற்றுக்கு 438 அல்லது அதற்கு மேல் ஆரம் வேண்டும். பெட்டியிலோ கையேட்டிலோ மிகக் குறைந்த ஆரம் எழுதியிருக்கும். முதல் படியில் எழுதிவைத்த அளவோடு ஒப்பிடுங்கள்.

எத்தனை சக்கரம் கரன்ட் எடுக்கிறது என்பதை யாரும் விசாரிப்பதில்லை, நம்ம ஊருக்கு அதுதான் முதலில் விசாரிக்க வேண்டியது. எட்டுச் சக்கரமும் கரன்ட் எடுத்தால் ஒன்றிரண்டு அழுக்கில் ஏறினாலும் மற்றவை தாங்கும். சில மலிவு இன்ஜின்களில் ஒரு போகி வலது கம்பியிலும் மற்றது இடது கம்பியிலும் மட்டும் எடுக்கும். அவை பாயிண்ட் (தடம் இரண்டாகப் பிரிகிற இடம்) மேல் வந்ததும் நின்றுவிடும், அப்புறம் ஒவ்வொரு சுற்றிலும் விரலால் தள்ளிவிட வேண்டியிருக்கும்.

மோட்டாரின் சுழலும் பாகத்தில் கம்பி சுற்றிய முனை (pole) ஐந்து இருந்தால் மெதுவாகவும் சீராகவும் ஓடும், மூன்று என்றால் கொஞ்சம் துள்ளும். ஃப்ளைவீல் என்கிற கனமான சுழல் சக்கரம் இருந்தால் இன்னும் நல்லது, ஒரு நொடி கரன்ட் விட்டாலும் சுழற்சி வேகத்தில் கடந்துவிடும். எடையும் முக்கியம், கனமான இன்ஜின்தான் தண்டவாளத்தைப் பற்றிக்கொள்ளும்.

நீராவி இன்ஜின் மேல் ஆசை இருந்தாலும் இரண்டாவதாக வாங்குங்கள். வெளியே ஆடுகிற மெல்லிய கம்பிகள் எல்லாம் ஒரு தடவை கீழே விழுந்தால் வளையும், அதைச் சரிசெய்ய அனுபவம் வேண்டும்.

ஹார்ன்பியின் ரெயில்ரோடு வரிசை, பிக்கோ கம்பெனியின் ஹாபி வரிசை, இரண்டும் நுணுக்கத்தைக் குறைத்து விலையைக் குறைத்தவை. கைப்பிடிக் கம்பி தனியாக ஒட்டியிருக்காது, பெட்டியோடு சேர்த்து வார்த்திருக்கும். ஆரம்பத்தில் அது நல்லதுதான், கை பட்டு உடைய ஒன்றும் இருக்காது.

கப்ளிங் எந்த வகை என்று கேளுங்கள். பிரிட்டிஷ் மாடல்களில் டென்ஷன் லாக், ஐரோப்பாவில் வளையம், அமெரிக்காவில் நக்கிள். ஒன்றோடு ஒன்று மாட்டாது. நெம் (NEM) பாக்கெட் என்கிற பொருத்தும் குழி இருந்தால் கப்ளிங்கைக் கழற்றி வேறு மாட்டலாம். அதேபோல் டிசிசி ரெடி என்று போட்டிருந்தால் உள்ளே 8 பின் சாக்கெட் மாதிரி ஒன்று இருக்கிறது, டிகோடர் (டிஜிட்டல் கட்டளையை வாங்கி மோட்டாரை ஓட்டும் சின்ன போர்டு) இல்லை என்று பொருள். உங்களுக்கு இது போதும், பின்னால் வேண்டுமானால் டிகோடர் சொருகிக்கொள்ளலாம். டிகோடர் பொருத்தியதே டிசியில் ஓடும் என்று சொல்லி விற்பார்கள், ஓடலாம், ஆனால் பாதி வோல்டேஜ் வரை அசையாமல் நின்றுவிட்டுத் திடீரென்று கிளம்பும், நீங்களே செய்த கன்ட்ரோலரில் இன்னும் தகராறு செய்யும்.

"நம்ம ராமேஸ்வரம் ரயில் மாதிரியே வேண்டும்" என்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நம் அகலப்பாதை 1676 மி.மீ., 87ஆல் வகுத்தால் 19.3 மி.மீ. வரும், மாடல் தண்டவாளமோ 16.5தான். அதனால் கடையில் வாங்குகிற எந்த இன்ஜினுக்கு நம்ம நிறம் அடித்தாலும் சக்கரங்கள் கொஞ்சம் உள்ளே இருக்கும். ஓடும்போது அது கண்ணுக்குத் தெரியாது. முதல் இன்ஜினை எந்த நாட்டு நிறமாக இருந்தாலும் வாங்கி நன்றாக ஓடவைத்துவிட்டு, பெயிண்ட் வேலையை அப்புறம் யோசியுங்கள். பாம்பன் பாலம் கட்ட நினைப்பவர்கள் தண்டவாளத்தை மேடாக ஏற்றிவிடுகிறார்கள். ஏறி இறங்குவது பக்கத்து ரோட்டுப் பாலம், ரயில் பாலம் தட்டையாகத்தான் போகிறது. மாடலில் ஒரு மீட்டருக்கு 3 செ.மீ. ஏற்றம் வைத்தாலே இன்ஜின் இழுக்கிற பெட்டிகள் நன்றாகக் குறைந்துவிடும்.

6. பழைய இன்ஜின் என்றால்

காசு குறைவாக இருக்கும்போது பழையதுதான் நல்ல வழி, ஆனால் கேள்வி கேட்கத் தெரிய வேண்டும். விற்பவரிடம் மூன்று கேளுங்கள்: மெதுவாக ஓடும் வீடியோ, அடிப்பாகப் படம், மேல்கூட்டைக் கழற்றிய படம். உதிரிக்காக அல்லது பழுதுபார்க்க என்று விளம்பரத்தில் இருந்தால் ஓடாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

வீடியோவில் வேகமாக ஓடுவதை நம்பாதீர்கள். எந்த இன்ஜினும் முழு வேகத்தில் ஓடும். மெதுவாக ஓடும்போது ஒவ்வொரு சக்கரச் சுற்றுக்கும் டக், டக் என்று ஒரே சீராகத் தட்டினால் அச்சில் இருக்கிற பிளாஸ்டிக் பற்சக்கரம் விரிசல் விட்டிருக்கிறது. பழைய லைஃப்-லைக் புரோட்டோ 2000 இன்ஜின்களில் இது பேர்போன கோளாறு. மாற்றுப் பற்சக்கரம் கிடைக்கும் மாடல் என்றால் விலை பேசி வாங்கலாம், இல்லையென்றால் வேண்டாம்.

அடிப்படத்தில் சக்கரத்தைப் பாருங்கள். கறுப்புப் பசை படிந்திருந்தால் பயமில்லை, துடைத்தால் போகும். இழுக்கும் சக்கரத்தில் ரப்பர் வளையம் இருக்கும் இடத்தில் வெறும் பள்ளம் தெரிந்தால் வளையம் அறுந்திருக்கிறது, புதிது போட வேண்டும்.

உள்படத்தில் பார்க்க வேண்டியது அடிச்சட்டம். துத்தநாகக் கலவையில் வார்த்த பழைய சட்டங்களில் ஈயம் கலந்திருந்தால் அது உள்ளிருந்தே உப்பி, வெடித்து, கடைசியில் பொடியாகும். ஈரப்பதம் அதை வேகப்படுத்தும், நம்ம காற்றோ எப்போதும் ஈரம். சட்டத்தில் மயிரிழை விரிசலோ, வளைவோ, மேல்கூடு ஒரு பக்கம் தள்ளிக்கொண்டு நிற்பதோ தெரிந்தால் எந்த விலைக்கும் வாங்காதீர்கள், அதைச் சரிசெய்ய வழியே இல்லை.

நேரில் வாங்குவதாக இருந்தால் 9 வோல்ட் பேட்டரியை எடுத்துப் போங்கள். இரண்டு பக்கச் சக்கரத்திலும் வயரைத் தொட்டால் மோட்டார் சுற்ற வேண்டும், வயரை மாற்றித் தொட்டால் எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும். கருகிய வாசனை வந்தால் திரும்பிவிடுங்கள்.

7. வரவழைக்கும் வழி

வெளிநாட்டுக் கடையின் விலையை மட்டும் பார்த்து ஆர்டர் போட்டு, வீட்டு வாசலில் வரித்தொகையைக் கேட்டுத் திகைத்தவர்கள் நிறைய. இந்தியாவில் பொம்மைகள் மீதான அடிப்படைச் சுங்க வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகி, 2023இல் 70 ஆனது. மாடல் ரயிலும் அதே தலைப்பில்தான் வருகிறது. அந்த 70 சதவீதப்படி 5,000 ரூபாய் இன்ஜினுக்கு அடிப்படை வரி மட்டும் 3,500 ரூபாய், அதன் மேல் ஜிஎஸ்டி, கூரியர் கட்டணம். ஆர்டர் போடும் நாளில் நடப்பு வீதத்தைப் பார்த்து மூன்றாம் படி நோட்டில் எழுதிவிட்டு முடிவு செய்யுங்கள்.

கீழக்கரை, தொண்டி, தேவிபட்டினம் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது சிங்கப்பூரிலோ துபாயிலோ மலேசியாவிலோ இருப்பார். ஊருக்கு வரும்போது கொண்டுவரச் சொல்வது நல்ல வழி, ஆனால் பயணிக்கான வரிவிலக்கு அளவை அவர்கள் மற்ற சாமானுக்கும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும், பில்லும் கையில் இருக்க வேண்டும். இன்ஜின் கைப்பையில் வரட்டும், சூட்கேஸில் போட்டால் எறிகிற எறியில் கப்ளிங் உடையும். மாடல் எண், ஸ்கேல், இரண்டு கம்பி டிசி, கப்ளிங் வகை எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள். "ஒரு ரயில் வாங்கிட்டு வாங்க மச்சான்" என்று மட்டும் சொன்னால் அவர் பேட்டரி பொம்மையைத்தான் வாங்கிவருவார், அவர்மேல் தப்பில்லை.

ரப்பர் வளையமும் மோட்டார் பிரஷ்ஷும் அந்த மாடலுக்குத் தனியாகக் கிடைக்குமானால் ஒரு ஜோடி அப்போதே சேர்த்து வாங்கிவிடுங்கள். தனியாக வரவழைத்தால் பொருளைவிடக் கூரியர் செலவு அதிகம்.

8. வந்த அன்றே சோதியுங்கள்

திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் கோளாறைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதால் அன்றே ஓட்டுங்கள். முதலில் பெட்டி எதுவும் மாட்டாமல் பாதி வேகத்தில் முன்பக்கம் அரை மணி நேரம், பின்பக்கம் அரை மணி நேரம். பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று படியவும் எண்ணெய் பரவவும் இது வேண்டும். மல்டிமீட்டரை ஆம்பியரில் வைத்து, தண்டவாளத்துக்குப் போகும் ஒரு வயரின் நடுவே சேர்த்துப் பாருங்கள், இன்றைய ஹெச்ஓ இன்ஜின் தனியாக ஓடும்போது பொதுவாக அரை ஆம்பியருக்குள் எடுக்கும். அதைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் எங்கோ இறுக்கம் இருக்கிறது.

அப்புறம் மெதுவோட்டம். நேர் தண்டவாளத்தில் ஒரு மீட்டர் குறித்து, அதை நிற்காமல் 20 நொடியில் கடக்க வையுங்கள். ஹெச்ஓ கணக்கில் அது மணிக்குக் கிட்டத்தட்ட 16 கி.மீ. வேகம். என் ஸ்கேலில் அதே வேகத்துக்கு 37 நொடி. இதில் தேறிய இன்ஜினை நம்பலாம். தேறாவிட்டால் சக்கரத்தைத் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள், மூன்று தடவையும் தேறவில்லை என்றால் திருப்பி அனுப்புங்கள்.

9. உப்பிலிருந்து காப்பாற்றுங்கள்

மொபைல் சர்வீஸ் கடைகளில் போர்டு துடைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வைத்திருப்பார்கள். சின்ன பாட்டில் வாங்கிக்கொள்ளுங்கள். பருத்திக் குச்சியில் தொட்டுச் சக்கரத்தையும், துணியில் தொட்டுத் தண்டவாளத்தையும் வாரம் ஒருமுறை துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு கரன்ட் கொடுங்கள், அது எளிதில் தீப்பற்றும். உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். கீறலுக்குள் அழுக்கு இறங்கினால் அடுத்த முறை துடைத்தாலும் போகாது.

எண்ணெய் என்றதும் கை தேங்காய் எண்ணெய்க்குப் போகும். அது நாளாக நாளாகப் பிசினாகிப் பற்சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். பிளாஸ்டிக்கைக் கெடுக்காதது என்று போட்டிருக்கிற மெல்லிய எண்ணெய், ஊசி முனையில் எவ்வளவு நிற்குமோ அவ்வளவுதான், அச்சு முனைகளில் மட்டும்.

ஓட்டி முடித்ததும் காற்றுப் புகாத டப்பாவில் நிறம் மாறுகிற வகை சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள், நிறம் மாறியதும் ஜெல்லை மாற்றிவிடுங்கள். பழைய பெட்டியில் இருக்கிற மஞ்சள் ஸ்பாஞ்சை எடுத்துவிட்டுப் பருத்தித் துணி சுற்றுங்கள், அந்த ஸ்பாஞ்ச் இற்றுப்போய் பெயிண்டில் ஒட்டிக்கொள்ளும். துணி அலமாரியில் வைப்பதாக இருந்தால் அங்கே அந்துருண்டை இருக்கக் கூடாது, அதன் ஆவி பாலிஸ்டைரீன் கூட்டை இளக்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓட்டாமல் வைத்திருந்தாலும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை எடுத்து, துடைத்து, இரண்டு பக்கமும் பத்து நிமிடம் ஓட்டிவிட்டுத் திரும்ப டப்பாவில் வையுங்கள்.